எந்த டாப்பு?

தென்காசிப் பக்கம் வருகிறவர்கள் குற்றாலத்துக் குரங்குகளைப் பார்த்துவிட்டு, இந்த வட்டாரத்து உயிரினங்கள் அத்தனையையும் பார்த்துவிட்டதாக நினைத்து ஊர் திரும்பிவிடுகிறார்கள். பாவம். குரங்கு என்ன பெரிய குரங்கு? உங்கள் கையில் வாழைப்பழத்தைக் கண்டால் அரை நொடியில் முடிவெடுத்துப் பிடுங்கிக்கொண்டு ஓடுகிற சாதாரணப் பிராணி. அதைவிடச் சுவாரசியமான உயிர் ஒன்று இங்கே உண்டு. அது பழத்தைப் பார்க்கும். நாட்டுப் பழமா, மட்டிப் பழமா என்று கேட்கும். இரண்டிலும் உள்ள நல்லது கெட்டதைக் கேட்டுக் குறித்துக்கொள்ளும். பக்கத்தில் நிற்பவரிடம் ஒரு அபிப்பிராயம், பஸ்ஸில் வருபவரிடம் ஒரு அபிப்பிராயம் என்று சேகரிக்கும். பழம் கறுத்து, அழுகி, ஈ மொய்க்கிறவரைக்கும் அங்கேயே நின்று யோசிக்கும். இந்த இனத்துக்குப் பெயர் 'வாங்கப்போகிறவர்'.

வாங்கியவர் வேறு, வாங்காதவர் வேறு. இவர் இரண்டிலும் சேர மாட்டார். கையில் காசில்லாமல் தள்ளிப்போடுகிறவரை இந்த இனத்தில் சேர்ப்பது அநியாயம். அவருக்கு உண்மையான கஷ்டம். நம்மாளிடம் காசு இருக்கும், ஆசை இருக்கும், கடை இருக்கும், கடைக்காரர் நண்பராகவே இருப்பார். ஆனாலும் வாங்க மாட்டார். மதில்மேல் பூனை என்பார்களே, அந்தப் பூனைகூட என்றைக்காவது ஒரு பக்கம் குதித்துவிடும். இவரோ மதில்மேலேயே பாயை விரித்துப் படுத்துவிடுவார்.

அடையாளம் வேண்டுமா? தென்காசியிலிருந்து செங்கோட்டை போகிற சாலையில் ஒரு எடைமேடை இருக்கிறது. மரலாரி, செங்கல் லாரி, காய்கறி லாரி எல்லாம் ஏறி இறங்கும். அதற்கு மேனேஜர் வல்லிநாயகம், வயது முப்பத்தாறு. காலை முதல் மாலை வரை எடை போடுவதுதான் வேலை. வேலையை அங்கேயே விட்டுவிட்டு வீட்டுக்கு வருகிற புத்தி எல்லாருக்கும் வாய்க்குமா? அவருக்கு வாய்க்கவில்லை. எட்டு மாதமாக ஒரே ஒரு விஷயத்தை எடை போட்டுக்கொண்டிருந்தார். கேம் விளையாட லேப்டாப் வாங்குவதா, டெஸ்க்டாப் வாங்குவதா?

விளையாட்டுக்கு ஒரு கம்ப்யூட்டர் வாங்குவதற்கு எட்டு மாதமா என்று கேட்காதீர்கள். விஷயம் விளையாட்டல்ல. பள்ளிக்கூடத்தில் ஒன்றாகப் படித்த ஐந்து பேர் ஆன்லைனில் ஒரு அணி வைத்திருந்தார்கள். அணியின் பெயர் 'ஐந்தருவி', குற்றாலத்து அருவி ஒன்றின் பெயர்தான். தென்காசியில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் மன்சூர் கேப்டன். சார்ஜாவில் வேலை பார்க்கும் ஹுஸைஃபா ஒருவன். கோயம்புத்தூரில் இருவர். ஐந்தாவது ஆள் வல்லிநாயகம். நால்வரும் ஒவ்வொரு வாரமும் கூடி விளையாடுவார்கள், சிரிப்பார்கள், பழைய வாத்தியார்களைப் பழிப்பார்கள். ஐந்தாமவர் கம்ப்யூட்டர் இல்லாமல் வாட்ஸ்அப் குழுவில் மட்டும் விளையாடுவார். வீட்டிலிருந்து எடைமேடை, எடைமேடையிலிருந்து வீடு என்று போகிற அந்த வாழ்க்கையில் அவருக்கு மிச்சமிருந்த சிநேகிதம் அவ்வளவுதான். அதை அவர் எவ்வளவு விரும்பினார் என்பது அவருக்கே தெரியும்.

"ஏலே நாயகம், நாலு அருவியிலயும் தண்ணி கொட்டுது. அஞ்சாவதுல மட்டும் காத்துதாம்லே வருது" என்று மன்சூர் கேலி செய்யும்போதெல்லாம், "வாங்கிருவேன் லே, ஒரே ஒரு சந்தேகம் இருக்கு" என்பார் வல்லிநாயகம். 'ஒரே ஒரு சந்தேகம்' என்பது இந்த இனத்தின் தேசிய கீதம்.

அந்த ஒரு சந்தேகத்தின் நீளத்தைக் கேளுங்கள். டெஸ்க்டாப் வாங்கினால் பெரிய திரை, நல்ல காற்றோட்டம், ஒன்று கெட்டால் ஒன்றை மாற்றிக்கொள்ளலாம், நாலு வருஷம் கழித்து கிராபிக்ஸ் கார்டை மட்டும் கழற்றிப் புதிதாகப் போடலாம். ஆனால் சாரல் காற்றுக்கு மரக்கிளை கம்பியில் விழுந்து கரண்ட் போனால், துப்பாக்கியைத் தூக்கிய கையோடு திரை இருண்டுவிடும். லேப்டாப் என்றால் கரண்ட் போனாலும் பேட்டரி தாங்கும். ஆனால் பேட்டரியில் ஓடும்போது வேகம் பாதியாகிவிடும், சொருகி வைத்து ஓட்டினால் அடுப்புப்போலக் காயும், அந்தச் சூட்டுக்கு உள்ளிருக்கும் மின்விசிறி போடுகிற சத்தம் மலையேறும் லாரியை நினைவுபடுத்தும். பெயர் ஒன்றாக இருந்தாலும் டெஸ்க்டாப்பில் இருக்கும் கிராபிக்ஸ் கார்டு அண்ணன், லேப்டாப்பில் இருப்பது இளைத்துப்போன தம்பி. சரி, அப்படியானால் டெஸ்க்டாப். ஆனால் ஊருக்குப் போனால் தூக்கிக்கொண்டு போக முடியுமா? முடியாது. வல்லிநாயகம் எந்த ஊருக்குப் போகிறார்? எங்கும் போவதில்லை. ஆனால் போக வேண்டி வந்தால்?

இதை எல்லாம் எடைச் சீட்டுகளின் முதுகில் எழுதி வைத்தார். லாரிக்கு எழுதுகிற முறைப்படியே மூன்று வரி. நல்ல குணங்கள் லோடு எடை. குறைகள் காலி எடை. கழித்தால் நிகர எடை. எட்டு மாதத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட சீட்டுகள். ஒவ்வொரு தடவையும் இரண்டுக்கும் நிகர எடை சமமாக வரும். சமமாக வராத நாளில், ஏதோ விட்டுப்போயிற்று என்று மறுபடியும் எழுதுவார்.

எடை போட வருகிறவர்களையும் விடவில்லை. புனலூரிலிருந்து மரம் ஏற்றி வந்த டிரைவர், இறங்கி டீ குடிக்க வழியில்லாமல் மாட்டிக்கொண்டு, கடைசியில் "ரெண்டும் கொள்ளாம் சேட்டா", அதாவது இரண்டுமே நல்லதுதான் அண்ணா, என்று மலையாளத்தில் சொல்லித் தப்பித்தார். இரண்டுக்கும் அரை மார்க் குறிக்கப்பட்டது. முடிவெட்டுகிறவர் டெஸ்க்டாப் என்றார். முடிவெட்டி முடித்து வெளியே வந்தபோது வல்லிநாயகம் டெஸ்க்டாப் கட்சி. எதிரே வந்த வடகரை தேங்காய் வியாபாரி, தன் மருமகன் வைத்திருப்பது லேப்டாப் என்றார். தெருமுனை திரும்புவதற்குள் லேப்டாப் கட்சி. கடைசியாகப் பேசியவர் யாரோ அவர் கருத்துதான் இவர் கருத்து. தேர்தலில் இவரைப் போல நூறு பேர் இருந்தால் போதும், வாக்குச்சாவடி வாசலில் நிற்கிறவர்தான் ஜெயிப்பார்.

ஒருநாள் பொறுமை இழந்த மன்சூர், "உன்கிட்டதான் எடைமேடை இருக்குல்லா, ரெண்டையும் வச்சு நிறுத்துப் பாத்துரு" என்று கிண்டலாகச் சொன்னார். கிண்டல் எல்லாருக்கும் கிண்டலாகவே போய்ச் சேரும் என்று நினைக்கக்கூடாது. மறுநாள் கடையில் காட்சிக்கு வைத்திருந்த லேப்டாப்பும் டெஸ்க்டாப்பும் ஆட்டோவில் ஏறிச் செங்கோட்டைச் சாலைக்கு வந்தன. நாற்பது டன் லாரி ஏறுகிற மேடையின் நட்ட நடுவில் முதலில் லேப்டாப்பை வைத்தார்கள். உள்ளே திரையில் பூஜ்யம். டெஸ்க்டாப்பையும் அதன் திரை, கீபோர்டு சகிதம் வைத்தார்கள். இருபது கிலோ. அந்த மேடைக்குப் பத்துக் கிலோவுக்குக் குறைந்தது எதுவும் கண்ணில் படாது என்பது மேனேஜருக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் பூஜ்யம் என்ற எண்ணைப் பார்த்ததும் லேப்டாப்பின் மேல் அவருக்கு ஒரு அவநம்பிக்கை வந்துவிட்டது. சாயங்காலம், கனமே இல்லாதது நல்லதுதானே என்று ஒரு கிளீனர் சொன்னார். அவநம்பிக்கை போய்விட்டது.

இத்தனைக்கும் நடுவே அவர் மனைவி முத்துவடிவு என்று ஒருத்தி இருந்தாள். வல்லிநாயகம் ஞாயிறு தவறாமல் மன்சூர் கடைக்கு 'சும்மா பார்த்துட்டு வர' போவார். கோவிலுக்குப் போகிற வழி என்று அவளையும் கூட்டிப் போவார். அங்கே அவர் மன்சூரைக் குறுக்கு விசாரணை செய்கிற இரண்டு மணி நேரமும் அவளுக்கு வேலையில்லை. நேரம் போக வேண்டுமே என்று, காட்சிக்கு வைத்திருந்த டெஸ்க்டாப்பின் முன்னால் உட்கார்ந்து எதையோ தட்டிக்கொண்டிருப்பாள். யாரும் கவனிக்கவில்லை. இடையில் ஒருநாள் மட்டும், "ஏங்க, வாங்கப் போறியளா, இல்ல எழுதிக்கிட்டே இருக்கப் போறியளா?" என்று கேட்டாள். ஒரே ஒரு சந்தேகம் என்றார்.

ஜூன் மாதம் வந்தது. விளையாட்டில் புதிய சீசன் ஆரம்பமாகும் தேதியை அறிவித்தார்கள். சனிக்கிழமை மாலை நாலு மணிக்குள் ஐந்து பேரின் பெயரையும் பதிய வேண்டும். ஐந்து பேரும் தங்கள் கம்ப்யூட்டரிலிருந்து உள்ளே வந்திருக்க வேண்டும். ஒருதடவை பதிந்துவிட்டால் மூன்று மாதம் மாற்ற முடியாது. இந்தத் தடவை இடம் காலியாக இருந்தால் வெளியாள் ஒருவனைச் சேர்த்துக்கொள்வது என்று நால்வரும் பேசி முடித்துவிட்டார்கள். ஹுஸைஃபா சார்ஜாவிலிருந்து குரல் செய்தி அனுப்பினான். அதில் கேலி இல்லை. "நீ இல்லாம அது ஐந்தருவி இல்லலே. சனிக்கிழமைக்குள்ள ஏதாவது ஒண்ணை வாங்கித் தொலை" என்றான்.

அந்தக் குரலை வல்லிநாயகம் மூன்று தடவை போட்டுக் கேட்டார். வெள்ளிக்கிழமை மாலை அவர் முடிவெடுத்துவிட்டார். எதை வாங்குவது என்ற முடிவு அல்ல. நாளைக்கு முடிவெடுத்துவிடுவது என்ற முடிவு. அந்த வேகத்தில், நண்பர்கள் நால்வரும் பார்க்கட்டும் என்று வாட்ஸ்அப்பில் ஸ்டேட்டஸ் வைத்தார். 'நாளை சீசன் ஆரம்பம். ஐந்தருவி ரெடி. எல்லாரும் வாங்க.'

தென்காசியில் வீடு வைத்திருக்கும் ஒருவர் ஜூன் மாதத்தில் எழுதக்கூடாத மூன்று வாக்கியங்கள் உண்டென்றால் அவை இவைதான்.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு ராயகிரியிலிருந்து ஒரு வேன் வந்து வாசலில் நின்றது. அத்தை பேராச்சி முதலில் இறங்கினார். பின்னாலேயே அவர் வகையறா பன்னிரண்டு பேர், ஐந்து எண்ணெய்ப் பாட்டில்கள், ஒரு கட்டுத் துண்டுகள். என்ன அத்தை திடீரென்று என்று வல்லிநாயகம் தடுமாறினார்.

"நீதானலே எல்லாரையும் வாங்கன்னு போட்டிருந்த. அஞ்சருவியில தண்ணி விழுதுன்னு எங்களுக்கு வேற யாரு சொல்லுதாவ?" என்றார் அத்தை. அப்புறம் மருமகனின் கன்னத்தைத் தடவி, இந்தக் காலத்தில் இப்படி வாய்விட்டுக் கூப்பிடுகிற பிள்ளை எங்கே இருக்கிறது என்று கண்கலங்கினார். அந்தக் கண்ணீருக்கு முன்னால், இது விளையாட்டுச் சீசன், குற்றாலத்து அருவிச் சீசன் இல்லை, இது வேறு ஐந்தருவி என்று விளக்குகிற தைரியம் யாருக்கு வரும்? முத்துவடிவு கணவரை ஒரு பார்வை பார்த்தாள். பதின்மூன்று பேருக்கு உலை வைக்கப் போனாள்.

கூப்பிட்டவர்தானே கூட்டிப் போக வேண்டும்? வல்லிநாயகம் போனார். மதியம் ஒரு மணிக்கு ஐந்தருவியில், இடுப்பில் துண்டும் உடம்பெல்லாம் எண்ணெயுமாக, ஆண்கள் வரிசையில் நின்றுகொண்டிருந்தார். நல்ல தண்ணீர். அருவியின் இரைச்சலில் பக்கத்து ஆள் தும்முவதுகூடக் கேட்காது. பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்திருந்த கைபேசி அதிர்ந்தது. எண்ணெய் விரலை அது அடையாளம் கண்டுகொள்ளவில்லை. நாலு தடவை வழுக்கி, ஐந்தாவது தடவை எடுத்தார். மன்சூர்.

"லேப்டாப்பா டெஸ்க்டாப்பா? ஒத்த வார்த்த சொல்லு. கொண்டாந்து மாட்டுதேன்."

வாசகர்களே, அப்போது அது நடந்தது. எட்டு மாதத்தில் முதன்முறையாக, யாரையும் கேட்காமல், சீட்டில் எழுதாமல், லோடு எடையிலிருந்து காலி எடையைக் கழிக்காமல், வல்லிநாயகம் முடிவெடுத்தார். தொண்டை நரம்பு புடைக்க, "டெஸ்க்டாப்" என்று கத்தினார்.

மன்சூரின் காதில் விழுந்தது வாலில் இருந்த 'டாப்' மட்டும். தலையை அருவி அடித்துக்கொண்டு போய்விட்டது. எந்தக் கம்ப்யூட்டரின் பெயர்தான் டாப் என்று முடியவில்லை?

"எந்த டாப்பு?" என்று கேட்டார் மன்சூர்.

நீங்களோ நானோ என்றால் அதே வார்த்தையை இன்னும் உரக்கச் சொல்லியிருப்போம். ஆனால் இந்த இனத்திடம் எதையும் இரண்டாவது தடவை கேட்கக்கூடாது. இவன் ஏன் திரும்பக் கேட்கிறான்? நான் சொன்னதில் ஏதும் குறை இருக்கிறதோ? கடைக்காரன், அவனுக்குத் தெரியாதா? டெஸ்க்டாப் வேண்டாம் என்றுதான் நாசூக்காகச் சொல்கிறானோ? கணநேரத்தில் இவ்வளவும் ஓடி முடிந்து, "லேப்டாப்" என்று கத்தினார். அருவி அதன் தலையையும் வெட்டியது. "டாப்புன்னுதாம்லே கேக்குது. எந்த டாப்பு?" என்றார் மன்சூர். மூன்றாவது தடவையும் கேட்கிறானே என்று வல்லிநாயகத்துக்குச் சொந்த வார்த்தைமேலேயே நம்பிக்கை போய்விட்டது. "நான் நேர்ல வந்து சொல்லுதேன்" என்று கத்திவிட்டுப் போனை வைத்தார். வரிசை நகர்ந்து அவரை அருவிக்குள் தள்ளியது.

நேரில் வந்து சொல்ல அவருக்கு நேரம் எங்கே கிடைத்தது? அத்தைக்கு மெயினருவியும் பார்க்க வேண்டும். அங்கே ஒரு குரங்கு ஒரு எண்ணெய்ப் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு போயிற்று. அதைத் துரத்தியதில் ஒரு மணி நேரம். அப்புறம் மங்குஸ்தான் பழம், நேந்திரங்காய் சிப்ஸ். மூன்றரை மணிக்கு வேனில் ஏறி உட்கார்ந்தபோது குற்றாலத்துச் சாலை முழுக்க வண்டி. கூட்ட நெரிசலில் சிக்னல் போய்விட்டிருந்தது; ஒவ்வொரு நிமிஷமும் கைபேசியை எடுத்துப் பார்த்தார். நாலு மணி ஆனபோது ராமாலயம் பஸ் நிறுத்தத்தைக்கூடத் தாண்டவில்லை. அவர் கைபேசியைப் பையில் போட்டுவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நிஜமாகவே அழுகை வந்தது. தலை ஈரமாக இருந்ததால் யாருக்கும் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்தபோது மணி ஐந்து. முன்னறையில், நேற்றுவரை காலண்டரும் செய்தித்தாளும் கிடந்த மேஜைமேல், பெரிய திரையோடு ஒரு டெஸ்க்டாப் உட்கார்ந்திருந்தது. அதன் முன்னால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. நாற்காலியில், காதில் ஹெட்செட்டும் இடுப்பில் செருகிய முந்தானையுமாக முத்துவடிவு. அவள் விரல்கள் கீபோர்டில் போன போக்கைப் பார்த்து வல்லிநாயகம் வாசலிலேயே நின்றார்.

நடந்தது இதுதான். நண்பன் வருவான் என்று இரண்டரை மணி வரை காத்திருந்த மன்சூர், அவர் கைபேசியும் கிடைக்காமல், வேறு வழியில்லாமல் வீட்டுக்குப் போன் போட்டு, எந்த டாப்பு என்று அவளிடம் கேட்டிருக்கிறார். அவள் சாம்பாரை இறக்கி வைத்துக்கொண்டே, "ஞாயித்துக்கிழம நான் உக்காருவேம்லா, அதையே தூக்கிட்டு வாங்கண்ணே" என்று சொல்லியிருக்கிறாள். அவ்வளவுதான். ஆறு நொடி. மூன்றே முக்காலுக்கு மாட்டி முடித்தாயிற்று, ஐந்தாவது ஆளைக் காணோம். எட்டு மாதத்து ஞாயிறுகளில் அவள் எப்படி ஆடினாள் என்பதை மன்சூர் மட்டும் ஓரக்கண்ணால் பார்த்து வைத்திருந்தார். வெளியாள் வேண்டாம், வீட்டாளே போதும் என்று ஹுஸைஃபாவும் சொல்லிவிட்டானாம்.

"கொஞ்சம் பொறுங்க. பின்னால ஒருத்தன் வருதான்" என்றாள் முத்துவடிவு, திரும்பாமலே. நாலு பேரும் ஒரே குரலில் சிரித்தது ஹெட்செட்டைத் தாண்டி வெளியே கேட்டது. அந்தச் சிரிப்புக்காகத்தான் அவர் எட்டு மாதம் எழுதினார்.

ஆட்டம் முடிந்தது. ஐந்தருவி ஜெயித்தது. அவள் ஹெட்செட்டைக் கழற்றி, கணவர் முகத்தைப் பார்த்தாள். பாவமாக இருந்திருக்க வேண்டும். "மூணு மாசத்துக்கு இந்த எடம் எனக்குத்தாங்க. மாத்த முடியாதாம். அடுத்த சீசனுக்கு ஆறு பேரா ஆடிக்கலாம்னு மன்சூர் அண்ணன் சொல்லுதாவ. உங்களுக்குன்னு தனியா ஒண்ணு வாங்கிக்கிடுங்க. ஆற அமர யோசிச்சு வாங்குங்க" என்றாள்.

ஆற அமர. அந்த இரண்டு வார்த்தைகள் வல்லிநாயகத்தின் முகத்தில் என்ன செய்தன என்பதைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். இடம் போன துக்கம் இருந்தது. ஆனால் அதற்கு அடியிலிருந்து, அணைக்கட்டில் மதகைத் திறந்ததுபோல ஒரு நிம்மதி பொங்கி வந்தது. மூன்று மாதம்! வீட்டிலேயே ஒரு டெஸ்க்டாப் இருக்கும்போது, இரண்டாவது லேப்டாப்பாகத்தானே இருக்க வேண்டும்? ஆனால் ஒன்றைப் பழகிய வீட்டில் இன்னொன்றும் அதுவாகவே இருந்தால் உதிரிப் பாகம் பொதுவாகப் போகுமே? இதில் ஒரே ஒரு சந்தேகம் இருக்கிறது.

அதற்குள் பேராச்சி அத்தை டெஸ்க்டாப் பெட்டியின் பின்பக்கம் கையை வைத்துப் பார்த்துவிட்டு, "ஏட்டி, இங்கன நல்லா சுடுகாத்து வருது" என்று மகிழ்ந்து, பக்கத்து நாற்காலி முதுகில் பதின்மூன்று ஈரத்துண்டுகளையும் வரிசையாகக் காயப்போட ஆரம்பித்தார். வல்லிநாயகம் சட்டைப் பையிலிருந்து ஒரு எடைச் சீட்டை எடுத்தார். திருப்பினார். 'டெஸ்க்டாப். லோடு எடை. சாரல் காலத்தில் துண்டு காயும்' என்று எழுதினார்.

சிரித்துவிட்டீர்கள். நல்லது. நீங்கள் அப்படிப்பட்டவர் இல்லை, எதையும் பட்டென்று முடித்துவிடுகிறவர் என்பது எங்களுக்குத் தெரியும். இருந்தாலும் உங்கள் கைபேசியை ஒருதடவை திறந்து, ஏதோ ஒரு கடையின் கூடையில் போன தீபாவளியிலிருந்து உட்கார்ந்திருக்கும் அந்த மிக்ஸியையோ மின்விசிறியையோ செருப்பையோ பாருங்கள். இப்போதே வாங்கிவிடுங்கள்; அல்லது இப்போதே தூக்கிப் போடுங்கள். என்ன, கை நிற்கிறதா? 'வாங்கலாம்தான், ஆனால்' என்று உதடு லேசாக அசைகிறதா? அவசரமில்லை, ஆற அமர யோசியுங்கள். மதில்மேல் வல்லிநாயகம் பாயை விரித்துத்தான் வைத்திருக்கிறார்; கொஞ்சம் தள்ளிப் படுக்கச் சொன்னால் உங்களுக்கும் இடம் தருவார், எந்தப் பக்கம் தள்ளுவது என்று முடிவெடுத்த பிறகு.